தோற்றவருக்கும் கணக்கு உண்டு

நாகர்கோவிலில் ஆடிட்டராக இருப்பதால், தேர்தல் முடிந்ததும் எனக்கு ஒரு குட்டி சீசன் வரும். ஒருமுறை மலையோரப் பக்கத்துச் சுயேச்சை வேட்பாளர் ஒருவர் துணிக்கடைப் பை நிறைய பில்லோடு வந்தார். முடிவு வந்து அன்றைக்கு 26-வது நாள். "தோத்தவனுக்கும் கணக்கு உண்டா சாரே?" என்றார்.

உண்டு. 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78-வது பிரிவுக்கு ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேதம் கிடையாது. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், தேர்தல் செலவுக் கணக்கு போய்ச் சேர வேண்டும். தக்க காரணமில்லாமல் தவறினால், தேர்தல் ஆணையம் 3 வருடத்துக்குத் தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதிநீக்கம் செய்யும். பெரிய கட்சிக்காரர்களுக்குக் கணக்கெழுத ஆள் இருக்கும். மாட்டுவது பெரும்பாலும் இவரைப் போன்றவர்கள்தான்.

பையைக் கொட்டிப் பார்த்தேன். ஜீப் வாடகை பில் இல்லை. "அது மச்சானுக்க வண்டி. டீசலும் அவன்தான் அடிச்சான். அதுல எனக்கு என்ன செலவு?"

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஓசியில் வந்த வண்டிக்கும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும். நாற்காலி, பந்தல், மைக், டீ என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் ரேட் போட்டு வைத்திருக்கும். நீங்கள் மறந்தாலும், கூட்டங்களைப் படமெடுக்கும் தேர்தல் வீடியோ குழு பார்த்தது தேர்தல் அதிகாரிகளுடைய பதிவேட்டில் ஏறியிருக்கும். பிரசாரத்தின்போதே மூன்று தடவை கூப்பிட்டு உங்கள் கணக்கையும் அந்தப் பதிவேட்டையும் ஒத்துப்பார்ப்பார்கள்.

2024-இல் விளவங்கோட்டில் மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் வந்தது. அப்போது ஒரு வேட்பாளர் செய்யக்கூடிய செலவுக்கு உச்சவரம்பு மக்களவைக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டால், செலவைப் பங்கு பிரித்து இருவர் கணக்கிலும் ஏற்ற வேண்டும். ஆனால் கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. இது பெரிய ஓட்டை. என்னைக் கேட்டால், முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான்.

அதுவரை வாக்காளர் கையில் ஒரு சாவி இருக்கிறது. 1961-ஆம் வருடத் தேர்தல் நடத்தை விதிகளின் 88-வது விதிப்படி, 1 ரூபாய் கட்டினால் எந்த வேட்பாளர் கணக்கையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகலுக்குத் தனிக் கட்டணம். உங்கள் ஜங்ஷனில் கூட்டம் நடந்த தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்; அன்றைய பக்கத்தில் எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.