முதல் அரைத்தூர டிரையத்லான்: ஓடத் தொடங்கும்போது மணி எத்தனை?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் முழங்கால் வலியோடு என் கிளினிக்குக்கு வந்தார். வயது நாற்பத்திரண்டு. இரண்டு வருடமாகச் சைக்கிள், ஆறு மாதமாக நீச்சல். முட்டிக்கு நான் டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கைபேசியை நீட்டினார்.

"அக்கா, இதுக்குப் பணம் கட்டலாம்னு இருக்கேன். கூட்டாளிங்க நாலு பேர் கட்டிட்டாங்க. கோர்ஸ் ஃப்ளாட்தான், ஒரு மேடுகூட இல்ல. என்ன சொல்றீங்க?"

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டி அது. திரையில் அதன் சைக்கிள் பாதையின் ஏற்ற இறக்கப் படம், கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீங்க ஓட ஆரம்பிக்கும்போது மணி எத்தனை இருக்கும், தம்பி?" அவர் அதை யோசித்தே பார்க்கவில்லை. ஜார்ஜ்டவுனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம் முதல் அரைத்தூரப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் நிறைய பேர் வருகிறார்கள். அநேகமாக யாருமே அதை யோசித்திருப்பதில்லை.

அரைத்தூரம் என்றால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ. மைலில் சொன்னால் 70.3, 'அயர்ன்மேன் 70.3' என்ற போட்டிப் பெயர் அப்படி வந்ததுதான். சரி, இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 முதல் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டோம். அதனால் பினாங்கிலும் லங்காவியிலும் பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். இருட்டில் கடலில் ஆளை இறக்க முடியாது. ஏழரைக்கு நீச்சல் தொடங்குகிறது என்று வையுங்கள். முதல்முறை வருபவருக்கு நீச்சல் 50 நிமிடம், உடை மாற்றிச் சைக்கிள் எடுக்க 8 நிமிடம், சைக்கிளில் மூன்று மணி நாற்பது நிமிடம், மறுபடி ஷூ மாட்ட 6 நிமிடம். ஓட்டப் பாதையில் கால் வைக்கும்போது மணி 12.15. அரை மாரத்தானை இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்தால் மூன்று மணி.

இங்கே சூரியன் உச்சிக்கு வருவதும் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணி தாண்டித்தான். உங்களுடைய 21 கிலோமீட்டரின் நடுப்பகுதி சரியாக அங்கே போய் விழுகிறது. முன்னணி வீரர் அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரே கோர்ஸ்தான், ஆனால் மெதுவாக வருபவருக்கு அது வேறு போட்டி. ஆகவே முதல் போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். மணி, மாதம், நிழல், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், அங்கே ஐஸ் உண்டா. மேடு பள்ளம் அதற்கு அப்புறம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் முதல் அரைத்தூரப் போட்டியும் 'ஃப்ளாட்' என்று தோழிகள் சொன்னதை நம்பிப் போனதுதான். பதினான்காவது கிலோமீட்டரில், கொளுத்தும் வெயிலில், எனக்குக் கை மயிர் சிலிர்த்துக் குளிர ஆரம்பித்தது. உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல் தவிக்கிறது என்பதற்கு அது அறிகுறி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினேன். அடுத்த பந்தலில் ஐஸ் தீர்ந்திருந்தது. ஒரு தன்னார்வலர் பையன் என்னை நிழலில் உட்கார வைத்து, தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றினான். அந்தப் பையனை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் பெரும்பாலும் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சிகிச்சை, ஆளை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குவது. முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆம்புலன்ஸ். அந்த முதல் அரை மணி நேரம் உயிரைக் காப்பாற்றும். எனவே பதிவு செய்வதற்கு முன் ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மருத்துவக் கூடாரத்தில் ஐஸ் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். வரும் பதிலிலேயே அந்தப் போட்டியின் தரம் தெரிந்துவிடும்.

"நாம இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, வெயில் நம்மள என்னக்கா பண்ணும்?" என்றார் தம்பி. இந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது. குளிர்சாதன அறையில் தூங்கி, விடியற்காலை ஐந்தரைக்கு ஓடி, குளிர்சாதனக் காரில் வேலைக்குப் போய், மாலை வரை தொழிற்சாலைக் குளிரில் உட்காரும் உடம்புக்கு நண்பகல் வெயிலில் உழைத்துப் பழக்கம் ஏது? உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் தொடர்ந்து சூட்டில் பயிற்சி வேண்டும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். நம் பக்கத்துக் கோர்ஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பத்துப் பதினான்கு நாளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

வெயில் வேண்டாம் என்றால் வெளியே போகலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன், பெர்த்திலிருந்து சுமார் 220 கி.மீ. தெற்கே இருக்கிறது. அங்கே அரைத்தூரப் போட்டி மே மாதத்தில், அவர்களுக்கு இலையுதிர் காலம். தட்டையான சாலை, குளுமையான ஓட்டம். நியூசிலாந்தின் டௌபோ ஏரி இன்னொன்று. செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீருக்குத் தனியாக ஒரு பாடம் இருக்கிறது, நீச்சலில் அதைச் சொல்கிறேன்.

நீச்சலைத்தான் எல்லாரும் 'குட்டித் தூரம்' என்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 135 சம்பவம், அதில் 90 நீச்சலில். பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. என் கிளினிக்கில் வந்து உட்காரும் ஆட்கள் இதே வயதுக்காரர்கள் என்பதால் இந்த எண்ணை நான் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். நம் சமூகத்தில் இன்னொன்றும் சேர்கிறது. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர் பத்துப் பேரில் மூவருக்கு மேல் சர்க்கரை நோய். நாற்பது தாண்டியவர் இருதயப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொண்டு, அதன்பிறகு கோர்ஸ் தேடுவதுதான் முறை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர், சூட்டில் அது எப்படி வேலை செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கு நான் சுற்றுச் சுற்றாக ஓடும் கோர்ஸைத்தான் சொல்வேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மருத்துவக் கூடாரத்தைக் கடந்து வருவார்கள். வீட்டு ஆட்களும் முகத்தைப் பார்த்துவிடலாம்.

தண்ணீருக்கு வருவோம். எல்லாரும் ஒன்றாகக் குதிக்கும் தொடக்கமா, ஐந்தாறு பேராக விட்டு விட்டு இறக்குகிறார்களா? முதல்முறை போகிறவருக்கு இரண்டாவதுதான். நூறு பேரின் கை கால் முகத்தில் படும்போது நல்ல நீச்சல்காரருக்கே மூச்சு முட்டும். கடலா ஏரியா என்பதும் முக்கியம். உப்புத் தண்ணீர் உடலைத் தூக்கிப் பிடிக்கும். கால் தாழ்ந்து நீந்துகிறவருக்கு ஏரியில் அந்த உதவி கிடைக்காது. வெட்சூட் (உடலை மிதக்க வைத்து, குளிரையும் தடுக்கும் ரப்பர் நீச்சலுடை) போட்டால் கிடைக்கும், ஆனால் அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் 24.5 பாகைவரை இருந்தால்தான் அதைத் தடையில்லாமல் அணியலாம். 28.8-க்கு மேல் போனால் அறவே கூடாது. நம் கடல் வெந்நீர்போல் இருக்கும், வெட்சூட்டை மறந்துவிடுங்கள். பலவீனமான நீச்சல்காரருக்குப் பஸ்ஸல்டன், டௌபோ போன்ற இடங்கள் ஆசை காட்டுவது இதனால்தான். ஆனால் வெட்சூட்டை வாழ்க்கையில் முதல்முறையாகப் போட்டி அன்று மாட்டி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும். குறைந்தது நான்கு நாள் முன்பே போய் அந்தத் தண்ணீரில் இறங்கிப் பழகியே ஆக வேண்டும்.

நம் பக்கத்து ஏரி, ஆறு என்றால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை நினைவில் வையுங்கள், மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' என்போமே அதுதான். 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலர் ஊர் திரும்பிய பிறகு இந்த நோயில் படுத்தார்கள். முந்தைய நாள் கனமழை, காலில் ஆறாத புண், இந்த இரண்டும் சேர்ந்தால் ஏரியில் இறங்காதீர்கள். பினாங்கு, லங்காவிக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பயிற்சிக்கு இறங்கும் குழுக்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, கொட்டினால் ஊற்றுவதற்குக் கரையில் ஒரு பெரிய போத்தல் வினிகர் வையுங்கள் என்பதுதான்.

இனிச் சைக்கிள். தம்பி 'ஃப்ளாட்' என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். தட்டையான 90 கிலோமீட்டரில் ஓய்வே கிடையாது. இறக்கம் இல்லை, ஆகவே காலை நிறுத்த முடியாது. மேடு இல்லை, ஆகவே எழுந்து நின்று மிதிக்க மாட்டீர்கள். மூன்றரை மணி நேரம் ஒரே குனிவு. கழுத்து, அடிமுதுகு, இருக்கையில் படும் இடம் எல்லாம் அதற்குக் கணக்குக் கேட்கும். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவருக்கு இப்படி ஒரு தட்டைப் போட்டிக்குப் பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்து, மூன்று வாரம் மார்க்கர் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தி நரம்பு நசுங்கியதால் வந்தது. கடலோரத் தட்டைச் சாலையில் காற்று வேறு. எதிர்காற்று ஒரு மலைதான், உச்சி மட்டும் வராது.

அதற்காக மலையைத் தேடிப் போகச் சொல்லவில்லை. லங்காவி அழகான தீவு, ஆனால் அங்கே சைக்கிள் பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், வெயிலும் புழுக்கமும் கூட. முதல் போட்டிக்கு அது கடினம் என்பது என் கருத்து. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உள்ள கோர்ஸ்தான் என் முதல் விருப்பம். மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்று போட்டிருந்தால், அது இருபது குட்டி மேடாகப் பிரிந்திருக்கிறதா, ஒரே செங்குத்தா என்று பாருங்கள். பெடல் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்குக் கீழே போகும் செங்குத்தில் முழு பாரமும் முட்டிச் சில்லில் இறங்கும். தம்பியின் முழங்கால் வலிக்கும் அதுதான் காரணம். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் புலாவுக்கு வாரம் இரண்டு முறை கனத்த கியரில் ஏறியிருக்கிறார். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாக மாற்றச் சொன்னேன். வலி பாதி குறைந்தது.

சாலை முழுதாக மூடப்படுகிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். கார்கள் பக்கத்தில் ஓடும் கோர்ஸ் எவ்வளவு தட்டையாக இருந்தாலும் முதல்முறை போகிறவருக்கு வேண்டாம். நெஞ்செலும்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள அந்தக் காறை எலும்பு முறிந்து வந்தவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

கால வரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். பல போட்டிகளில் மொத்தம் எட்டரை மணி நேரம், நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடம். பயிற்சியில் 1.9 கி.மீ. நீந்த ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் கடலில் அது போதாது. இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், போட்டி எங்கும் ஓடிப்போகாது.

தம்பி கூட்டாளிகளின் போட்டிக்கு இன்னும் பணம் கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலை ஏழரைக்கு நீச்சல் குளத்தில் இறங்குவது, பிறகு 60 கி.மீ. சைக்கிள், பிறகு நண்பகலில் யூத் பார்க் நிழலை ஒட்டி எட்டு கிலோமீட்டர் மெதுவோட்டம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை மிகவும் குறைந்தால் குடித்தது போதவில்லை. கூடியிருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறார், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்துதான். அவர் மனைவி ஐஸ் பெட்டியோடு காரில் பின்தொடர ஒப்புக்கொண்டுவிட்டார். அவரிடம் தனியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். "இவர் 'குளிருது'ன்னு சொன்னாலோ, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பதில் சொன்னாலோ, அவர் பேச்சைக் கேட்காதீங்கம்மா. நிறுத்தி உட்கார வச்சு, ஐஸை எல்லாம் மேல கொட்டிட்டு 999-ஐக் கூப்பிடுங்க."