45 அடி ஆழத்தில் பிடித்த மீனைத் திருப்பி விட்டால் பிழைக்குமா?

போன ஜனவரியில் ஒரு தம்பி வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் வீடு, ஐடி வேலை, இரண்டு வருடமாகத் தூண்டில் பைத்தியம். லேனியர் ஏரி, விடியற்காலை, வாயைத் திறந்தால் புகை வரும் குளிர், கையில் 3 பவுண்டு தேறும் ஸ்பாட்டட் பாஸ் என்ற ஏரி மீன். (பாஸ் என்றதும் உங்கள் மேனேஜர் முகம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ‘போய்ட்டு வாடா’ என்று மீனைத் தண்ணீரில் விடுகிறார், படகில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். வீடியோ முடியப்போகும் நேரத்தில், திரையின் ஓரத்தில், அந்த மீன் ஒருக்களித்து மிதப்பது தெரிகிறது. அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. என் கண்ணில் அது மட்டும்தான் பட்டது, தொழில் அப்படி.

“எத்தனை அடியில பிடிச்சீங்க?” என்று கேட்டேன். “நாப்பத்தஞ்சு அண்ணா, லைவ்ஸ்கோப்ல பாத்துப் பாத்து இறக்கினேன்” என்றார் பெருமையாக. லைவ்ஸ்கோப் என்பது தண்ணீருக்குள் மீன் அசைவதை அந்த நேரத்திலேயே படகின் திரையில் காட்டும் ஒலியலைக் கருவி.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். இப்போது இந்த ஊர்ப் பக்கம் ஏரி மீன்களோடுதான் பிழைப்பு. குளிர்காலப் போட்டிகளில் மீனை எடைபோடும் இடத்தில், தொட்டி ஓரமாக நின்று எது நீந்துகிறது எது கவிழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

டிசம்பர் பிறந்தால் லேனியரில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், ஏரி முழுக்கக் கலந்து ஒன்றாகும். கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீனால் அங்கே தங்க முடியாது. குளிர்காலத்தில் அந்தத் தடை போய்விடுகிறது. பாஸ் தின்னும் ஷேட், ஹெர்ரிங் போன்ற சிறு மீன்கள் கூட்டமாக ஆழத்துக்குப் போகும், அவற்றின் பின்னால் பாஸும் போகும். 30, 40, 50 அடியில் பள்ள ஓரங்களிலும், அணை கட்டியபோது அப்படியே தண்ணீருக்குள் விட்ட பழைய மரங்களைச் சுற்றியும் நிற்கும். முன்பெல்லாம் அங்கே நிற்கும் மீனைத் தேடிப் பிடிக்க அனுபவம் வேண்டும். 2018இல் லைவ்ஸ்கோப் வந்த பிறகு, மீன் திரும்பிப் பார்ப்பதுகூடத் திரையில் தெரிகிறது. ஸ்பூன், டிராப்ஷாட் என்று ஆழத்தில் இறக்கும் தூண்டிலை நேராக அதன் மூக்குக்கு முன்னால் இறக்க முடிகிறது. பழகி இரண்டு வருடமே ஆனவர்கள்கூட 45 அடியில் மீன் பிடிப்பது இதனால்தான். அவர்களுக்கு மீனைப் பிடிக்கத் தெரிகிறது, அவ்வளவு ஆழத்திலிருந்து வந்த மீனை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீனுக்குள் காற்றுப்பை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் கடற்கரையில் நெட்டி என்பார்கள், கூரல் மீனின் நெட்டிக்கு என்ன விலை என்று தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். டிரவுட்டுக்கும் கெண்டைக்கும் இந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, காற்று அதிகமானால் ஏப்பம் விடுவதுபோல வெளியேற்றிவிடும். பாஸுக்கு அந்தக் குழாய் கிடையாது, பை மூடியே இருக்கும். ரத்தத்தின் வழியாகத்தான் காற்றை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

தண்ணீரில் ஒவ்வொரு 33 அடிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 33 அடியில் இருந்த மீன் மேலே வந்தால் அதன் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், 66 அடியென்றால் மூன்று மடங்கு. தம்பியின் 45 அடிக்குக் கணக்குப் போட்டால் இரண்டேகால் மடங்குக்கும் மேல். உங்கள் நுரையீரலுக்குப் பக்கத்தில் ஒரு பலூன் அரை நிமிடத்தில் அந்த அளவுக்கு ஊதினால் எப்படியிருக்கும்? மற்ற உறுப்புகளெல்லாம் நசுங்கும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், துடுப்புச் சவ்வில் சிறு குமிழிகள் தெரியும், தொண்டைக்குள் வெளுத்த பந்து மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு வரும். இதில் ஒன்றுமே தெரியாமல் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் மீனும் உண்டு. விட்டதும் இரண்டு அடி கீழே போகும், திரும்ப மேலே வரும், மறுபடி முயலும், களைத்துக் கவிழும். குளிர்காலத்தில் இந்த ஏரிக்குக் கடற்காக்கைகள் வரும், மிதக்கும் மீனை அவை விட்டுவைப்பதில்லை.

“நூலை மெதுவாச் சுத்தினாப் பழகிக்கும் அண்ணா” என்பார்கள். பழகாது. காற்று இறங்கப் பல மணி நேரம் ஆகும் என்றேனே, நீங்கள் அரை நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் சுற்றினால் என்ன மாறப்போகிறது? மீன்தான் கூடுதலாகக் களைக்கும். அப்புறம் லைவ்வெல்லில், அதாவது பிடித்த மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில், போட்டுவைத்தால் தேறிவிடும் என்பது. லைவ்வெல்லின் ஆழம் ஒன்றரை அடி, அழுத்தப் பிரச்சினைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கவிழ்ந்த மீன் அங்கேயும் கவிழ்ந்தேதான் கிடக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம், மீனின் உடலும் மெதுவாக இயங்கும், அதனால் கோடையைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பது மட்டும் உண்மை. காப்பாற்ற உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், திருப்பி விடப்போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டால் 30 அடிக்குக் கீழே தூண்டிலை இறக்காதீர்கள். திரையில் 50 அடியில் பெரிதாக ஒன்று தெரியும், கை அரிக்கும், தெரியும். காலையில் சில நேரம் அதே மீன் இரைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு 15, 20 அடிக்கு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆழத்தில்தான் பிடிப்பேன் என்றால் மீனைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோய் விட ஏதாவது வைத்திருங்கள். தாடையைக் கவ்வி, இறக்கியதும் தானே திறந்துகொள்ளும் கிளிப்புகள் கடையில் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது வீட்டிலேயே செய்வது: சின்னக் கண்ணுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, அடிப்பக்கம் கயிறு கட்டி, விளிம்பில் ஈயக்குண்டுகள். கூடை மட்டும் மூழ்கினால் போதாது, உப்பிய மீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் எடை வேண்டும், எனக்கு 5, 6 பவுண்டு ஆனது. மிதக்கும் மீனின்மேல் கூடையைக் கவிழ்த்து இறக்கினால் அதுவும் கூடவே போகும். பாதி ஆழம் போகும்போதே பை சுருங்கத் தொடங்கிவிடும், பிடித்த ஆழத்துக்குப் பக்கத்தில் போய்க் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் மீன் திறந்த பக்கமாக வெளியே போய்விடும். மரங்களுக்கு மேலே நின்று இதைச் செய்யாதீர்கள், நான் இரண்டு கூடைகளை அப்படித் தொலைத்திருக்கிறேன். மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரம்தான் முக்கியம். கூடை தயாராக இல்லாமல் போட்டோவுக்கு நிற்காதீர்கள்.

ஊசியைப் பற்றியும் கேட்பீர்கள். போட்டிகளில் 18 கேஜ் ஊசியால் பையைத் துளைத்துக் காற்றை இறக்குவது உண்டு. முதுகுத் துடுப்பின் முள்பகுதியும் மென்பகுதியும் சேரும் பள்ளத்திலிருந்து கழிவுத்துளைக்கு ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கக்கோட்டுக்கு (மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் கோடு) நாலைந்து செதில் கீழே, செதிலுக்கு அடியில் சாய்வாக ஏற்ற வேண்டும். படிக்கும்போது சுலபமாக இருக்கிறதல்லவா, எனக்கும் அப்படித்தான் இருந்தது. பழகிய புதிதில் ஒரு நல்ல மீனுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குத்திவிட்டேன், காற்றுக்குப் பதில் ரத்தம் வந்தது. இன்னொன்றுக்குக் காற்றை முழுக்க எடுத்துவிட்டேன், அது கல் மாதிரித் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. எல்லா மாநில மீன்வளத் துறைகளும் இதைப் பரிந்துரைப்பதும் இல்லை. பக்கத்தில் நின்று ஒருவர் கற்றுக்கொடுக்காமல், வீடியோ பார்த்து ஊசி எடுக்காதீர்கள். தொண்டைக்குள் தெரியும் அந்த வெளுத்த பந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குத்தாதீர்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் கொஞ்சம் கூச்சப்படும் விஷயம். 1972இல், பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்திவந்த ரே ஸ்காட் தன் போட்டிகளில் மீனை உயிரோடு எடைபோட்டுத் திருப்பி விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார், நல்ல காரியம், இன்று அது இங்கே மதம் மாதிரி ஆகிவிட்டது. பாஸை வீட்டுக்குக் கொண்டுபோனால் பக்கத்துப் படகுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். லைசென்ஸ் இருந்து, அளவும் எண்ணிக்கையும் விதிக்குள் இருந்தால் அது உங்கள் மீன். லேனியரின் ஸ்பாட்டட் பாஸ், அந்த ஏரிக்காக அணை கட்டிய சட்டஹூச்சி ஆற்றுக்குச் சொந்த மீன்கூட இல்லை, வெளியிலிருந்து வந்து பெருகியது. கண் பிதுங்கிக் கவிழ்ந்த மீனைக் கடற்காக்கைக்கு விடுவதைவிடப் புளி கரைத்துக் குழம்பு வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மாநிலம் வெளியிடும் மீன் உண்ணும் அறிவுரையில் அந்த ஏரிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டியது கிடைத்ததும் கரைக்கு வந்துவிடுங்கள், இன்னும் பத்து மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதற்காக அங்கேயே நிற்காதீர்கள்.

அந்தத் தம்பி பிப்ரவரியில் கூடை செய்துவிட்டார், துணி போடும் கூடை, கண் பெரிது, முதல் மீன் நழுவி மேலே வந்துவிட்டதாம். உள்ளே கொசுவலை கட்டச் சொன்னேன். அடுத்த வாரம் லைவ்ஸ்கோப் திரையைப் படம் பிடித்து அனுப்பினார்: 40 அடியில் கூடையிலிருந்து ஒரு புள்ளி பிரிந்து, கொஞ்சம் நின்று, தரையோரமாகப் பள்ளத்தின் பக்கம் போகிறது.