ஹெட்டை இறக்கும்போது எதை அவிழ்க்கிறோம்?

கார் இன்ஜினில் சிலிண்டர் பிளாக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டும் தனித்தனி வார்ப்புகள். இரண்டையும் ஒரே வார்ப்பாகச் செய்திருந்தால் நடுவில் கசிவுக்கே இடமிருக்காது. ஆரம்பகால இன்ஜின்கள் பலவும் அப்படித்தான் வந்தன. ஆனால் அவற்றில் வால்வைப் பார்ப்பதும் பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டுவதும் பெரும்பாடு. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஹெட்டை மட்டும் தனியாகக் கழற்ற முடிந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லாக் கார்களிலும் அதுவே வழக்கம். அதோடு சேர்ந்து வந்த தலைவலிதான், இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட்.

அந்த மெல்லிய தகடு எதைத் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பெட்ரோல் எரியும்போது உச்ச அழுத்தம் 60 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு, என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 2,700 கிலோ எடைக்குச் சமம். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை இந்த உதை விழும். டீசல் இன்ஜினில் இந்த விசை இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் சில மில்லிமீட்டர் தள்ளி அதே கேஸ்கெட்டில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் போகும் ஓட்டை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளி ஆயில் ஏறும் ஓட்டை. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

கலக்காமல் காப்பது கேஸ்கெட் மட்டுமல்ல, போல்டுகளின் இறுக்கமும்தான். நாலு சிலிண்டர் இன்ஜினில் பெரும்பாலும் பத்து ஹெட் போல்டுகள் இருக்கும். 10 மில்லிமீட்டர் போல்டு ஒன்றைச் சரியாக முறுக்கினால் அது மூன்றரை டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு போல்டு கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதாவது அது வெறும் ஆணி அல்ல, இழுத்து வைத்த ஸ்பிரிங். ஹெட்டை இறக்குவது என்றால் இப்படி முப்பது, நாற்பது டன் இழுவிசையை அவிழ்ப்பது. திரும்ப மாட்டுவது என்றால் அதே விசையை எல்லா இடத்திலும் சமமாகக் கட்டுவது. இந்த வேலையில் மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கேஸ்கெட் போனதா, வேறேதாவதா?

ஹெட்டைத் தொடுவதற்கு முன் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கேஸ்கெட் எங்கே கிழிந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவே விட்டுப்போனால், இன்ஜின் ஓடும்போது 60 பார் வாயு, வெறும் ஒரு பார் அழுத்தத்தில் இருக்கும் கூலன்டுக்குள் புகும். ரேடியேட்டரில் குமிழி கிளம்பும், ஹோஸ் கல்லுப்போல் விறைக்கும், டேங்கிலிருந்து கூலன்ட் பொங்கி வழியும். இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகும். சிலிண்டரில் அழுத்தம் இல்லை, சூடான கூலன்ட் சுற்றில் இன்னும் இருக்கிறது. அதனால் கூலன்ட் மெல்லச் சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் தடுமாறுவதும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை வருவதும் இதனால்தான். நிறைய இறங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவத்தை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலேறும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களுக்கு நடுவே கிழிந்தால் புகையும் இருக்காது, கூலன்டும் குறையாது. இரண்டிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது அமுங்கும் காற்றின் அழுத்தம், மட்டும் ஒரே மாதிரி விழுந்திருக்கும். ஆயிலும் கூலன்டும் கலந்தால் ஆயில் மூடிக்கு அடியில் காபி நிறக் குழம்பு சேரும். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. குளிர்ந்த காலத்தில் கொஞ்ச தூரமே ஓடி நிற்கும் காரில், வெறும் நீராவி படிந்தும் மூடியில் அப்படிச் சேரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் குழம்பு தெரிந்தால்தான் கவலை. சந்தேகம் தீர இன்னொரு வழி, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை. எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலத்தன்மை ஏற்றுவதால் நீலம் மஞ்சளாகும்.

இறக்குதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று, எரிபொருள் லைனிலுள்ள அழுத்தத்தை இறக்கு, கூலன்டை வடி. இவை எல்லாக் கையேட்டிலும் இருக்கும். சேர்க்க வேண்டியது ஒன்று: கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பானது, நஞ்சும் கூட. திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயோ பூனையோ நக்கிவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினாக இருந்தால் எரிபொருள் லைனில் நூறு பாருக்கு மேல் இருக்கும், அதை வீட்டில் கைவைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

நேரத்தைத் தின்பது ஹெட் போல்டுகள் அல்ல, புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகள். ஆண்டுக்கணக்காகச் சுட்டுச் சுட்டுக் குளிர்ந்த துருவில் அவை, தாம் மாட்டியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டோடு ஒட்டிப்போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊறவைத்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் வரும். பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறியும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டையோ செயினையோ எடுப்பதற்கு முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவந்து குறிகளை ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பல இன்ஜின்களில் திறந்த வால்வும் மேலேறிய பிஸ்டனும் ஒரே இடத்துக்குப் போட்டிபோடும். பெல்ட் ஒழுங்காக இருக்கும்வரை இரண்டும் வேறு வேறு நேரத்தில் அங்கே வந்துபோகும். பெல்ட் இல்லாதபோது கிராங்க்கைத் திருப்பினால் வால்வு வளையும்.

அடுத்துதான் ஹெட் போல்டுகள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கை சுடாத அளவுக்கு ஆறினால் போதாது. சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டை ஒரு பக்கம் தளர்த்தினால், மறுபக்கம் இன்னும் டன் கணக்கில் அமுங்கியிருக்க, அது வளைந்த நிலையிலேயே ஆறிவிடும். அதனால் இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று பல தடவையாகத் தளர்த்த வேண்டும். இழுவிசை ஹெட் முழுவதும் ஒரே சீராகக் குறைய வேண்டும் என்பதே காரணம்.

போல்டுகள் எல்லாம் வெளியே வந்தும் ஹெட் அசையாமல் கிடக்கலாம். இடையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்ப ஆசை வரும். நெம்பினால் அந்தக் கீறல் வழியாகவே அடுத்த கேஸ்கெட் போகும். ஹெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் மரக்கட்டை வைத்துத் தட்டி அசைக்கலாம். தூக்க இரண்டு பேர் வேண்டும், எடைக்காக மட்டுமல்ல, நேராகத் தூக்குவதற்காக. எடுத்ததும் மரக்கட்டைகள்மேல் வைக்க வேண்டும். தரையில் கவிழ்த்தால் திறந்திருக்கும் வால்வுகள் ஹெட்டின் பாரத்தைச் சுமக்கும்.

எதைப் பார்ப்பது

இனிமேல்தான் சுவாரசியம். பிஸ்டன் தலைகளைப் பாருங்கள். எல்லாம் கரி பிடித்துக் கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளபளத்தால் கூலன்ட் இறங்கியது அந்தச் சிலிண்டரில்தான். உள்ளே போன நீர் ஆவியாகிக் கரியை உரித்திருக்கிறது. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல் சிலிண்டர் வளையத்தைச் சுற்றிப் பார்த்தால், வாயு தப்பிய பாதை கறுப்புத் தடமாகத் தெரியும்.

பிறகு ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துல்லியமான நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று சோதிப்பார்கள். பல இன்ஜின்களுக்கு வரம்பு 0.05 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். சரியான எண்ணை அந்த இன்ஜினின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

ஹெட் ஏன் கோணுகிறது? ஒரு டிகிரி வெப்பத்துக்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது, வார்ப்பிரும்பு சுமார் 11 பங்குதான். 450 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 0.8 மில்லிமீட்டர் நீளும். அடியிலிருக்கும் இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகும்போதும் ஆறும்போதும் கேஸ்கெட் வழுக்கிக் கொடுத்துச் சமாளிக்கிறது. இன்று பரவலாக உள்ள பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுகள் இதைப் பழையவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கூலன்ட் இல்லாமல் ஓடி ஹெட் அளவுமீறிக் கொதித்தால், விரிய இடமில்லாத அலுமினியம் போல்டுகளுக்கு நடுவே நிரந்தரமாக நசுங்குகிறது, ஆறும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே கேஸ்கெட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அடைத்த ரேடியேட்டரோ, திறக்காத தெர்மோஸ்டாட்டோ, தேய்ந்த வாட்டர் பம்ப்போ பின்னால் இருக்கும். அதைத் தேடாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுகிறவர் கூடிய சீக்கிரம் மறுபடி ஹெட்டை இறக்குவார்.

கோணல் வரம்பை மீறினால் வீட்டு வேலை அதோடு முடிந்தது. பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும், கையில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் சமாச்சாரம் அல்ல. சீவுவதற்கும் எல்லை உண்டு. 0.2 மில்லிமீட்டர் சீவினாலே 10 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) 10.2ஐ ஒட்டி ஏறும். கேம் ஷாஃப்ட் கிராங்க்கை நோக்கி இறங்குவதால் வால்வு நேரமும் இம்மி மாறும்.

ஹெட் கையில் இருக்கும்போதே வால்வுகளையும் பார்த்துவிடுவது நல்லது. எரியறையை மேல்நோக்கி வைத்து, பிளக்கை மாட்டி, அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும். வால்வுக்குப் பின்னாலுள்ள வாயு வழியான போர்ட் வழியாகக் கசிந்தால் அந்த வால்வு, தான் மூடி அமரும் வளையமான சீட்டில் சரியாக உட்காரவில்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 700 டிகிரியைத் தாண்டிச் சுடும் அதன் தலை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் பெரும்பகுதி வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்துகிறது. தொடுகை விட்டுப்போன இடம் ஆறாது, எரிந்து ஓட்டையாகும். லேசான குறைக்கு, அரைக்கும் பசையான லேப்பிங் பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டில் முன்னும் பின்னும் சுழற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழும். மேற்பூச்சு உள்ள வால்வுகளுக்கு இது ஆகாது. தண்டு ஆயில் சீல்களை எப்படியும் மாற்றிவிடலாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி மிதித்ததும் நீலப்புகை அடிக்கிற கார் என்றால் சந்தேகமே வேண்டாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் உண்டாகும் வெற்றிடம், தேய்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சியிருக்கிறது.

திரும்பக் கட்டுதல்

பழைய கேஸ்கெட் மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் கரைப்பானாலும் எடுக்க வேண்டும். சுழலும் உப்புத்தாள் வட்டு வேகமாக வேலை செய்யும், ஆனால் அதிலிருந்து பறக்கும் துகள் ஆயில் வழியில் இறங்கிப் பேரிங்கை அரித்துவிடும். போல்டு போகும் ஓட்டைகளில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருக்கக் கூடாது. அடிமூடிய ஓட்டையில் போல்டு இறங்கும்போது அந்தத் திரவம் போக வழியின்றிப் பிளாக்கையே பிளக்கும்.

முறுக்கு விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் எண்ணை நாம் இறுக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் முறுக்கும் பலத்தில் பாதி போல்டுத் தலைக்கடியிலுள்ள உராய்விலும், ஏறத்தாழ நாற்பது விழுக்காடு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. போல்டை நீட்டப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், போல்டு நீண்டிருக்காது. அதனால்தான் பல இன்ஜின்களில் முதலில் குறைந்த டார்க்கில் அமர்த்தி, பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கோணத்தில் முறுக்கச் சொல்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு முழுச் சுற்றுக்கு இறங்கும் தூரம்) உள்ள மரை கால் சுற்றுக்கு 0.375 மில்லிமீட்டர் இறங்கியே தீரும், அதை உராய்வு மாற்ற முடியாது. இந்த முறையில் போல்டு தன் மீள்தன்மையின் எல்லையைச் சற்றே தாண்டும் அளவுக்கு நீட்டப்படுகிறது. அப்படி ஒருமுறை நீண்டதை மறுபடி போடக் கூடாது, புதிய போல்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இறுக்கும் வரிசை, கழற்றியதற்கு நேர் எதிர். சுருங்கிய பாயை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி விடுவதுபோல, நடுப் போல்டில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போக வேண்டும். கேஸ்கெட்டை எந்தப் பக்கம் மேலே வரும்படி வைப்பது என்று அதிலேயே பொறித்திருக்கும். திருப்பிப் போட்டால் ஆயில் வழி அடைபட்டு, கேம் ஷாஃப்ட் வறண்டு ஓடும்.

பெல்ட்டை மாட்டியதும் சாவியைத் தொடக் கூடாது. ஸ்பானர் போட்டுக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடியும், எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடும். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திக் குறிகளைப் பார்க்க வேண்டும்.

ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, கூலன்டை மெல்ல ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹெட்டில் காற்றுக் குமிழி தங்கினால் வெப்ப சென்சார் கூலன்டில் நனையாமல் காற்றில் நிற்கும். மீட்டர் முள் சாதாரண அளவைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதல் ஓட்டத்தில் முள்ளை மட்டும் நம்பாமல், ஹீட்டரில் சூடான காற்று வருகிறதா, ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.