தடிமன் கூட்டினால் பலம் கூடிவிடுமா?

புதிதாக வேலைக்கு வரும் மெக்கானிக்கல் பட்டதாரிகளிடம் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் பாகம் உடைகிறது என்றதும் சுவரைத் தடியாக்கிவிடுகிறார்கள். நான் மட்டும் என்ன, அப்படித்தான் தொடங்கினேன். திருகு இறங்கும் பாஸ் (நடுவே துளையுள்ள குட்டித் தூண்) ஒன்று விரிசல் விட்டது. 2 மில்லிமீட்டர் சுவரை 4 ஆக்கினேன். அடுத்த சாம்பிளில் வெளிமுகத்தில் பள்ளம். அறுத்துப் பார்த்தால் உள்ளே பொள்ளல். மோல்டு (உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி பாகம் வார்க்கும் அச்சு) செய்பவர் ஒன்றுதான் கேட்டார்: "சார், இது ஆற எவ்வளவு நேரம் ஆகும்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். தடிமன் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. வெளித்தோல் முதலில் இறுகிவிடும். நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது தோலை உள்ளே இழுத்தால் பள்ளம், அதாவது சிங்க் மார்க். தோல் அசையாவிட்டால் உள்ளே பொள்ளல். சுவரைச் சீராக வைத்து ரிப் (சுவரைத் தாங்கும் மெல்லிய விலா) கொடுப்பதே சரியான வழி. அந்த ரிப்பின் அடித் தடிமனும் சுவரில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். உள்மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கல்லூரிப் பாடம் பெரும்பாலும் உலோகத்தைச் சுற்றியே இருப்பதால், நேரம் என்ற ஒன்று நம் கணக்கிலேயே வருவதில்லை. எஃகின் விறைப்புக்கு 200 கிகாபாஸ்கல் என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகலாம். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு 2-ஐ ஒட்டிய எண் கிடைக்கும், ஆனால் அது குறுகிய நேரச் சோதனையில் வந்த எண். சுமை மாதக்கணக்கில் நின்றால் பாகம் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். இதுதான் கிரீப். இறுக்கிய திருகு தானாகத் தளர்வதும், மாட்டிய பிறகும் வளைந்தே நிற்கும் ஸ்னாப் ஃபிட் (திருகில்லாமல் அழுத்தி மாட்டும் கொக்கி) பிடி இழப்பதும் இதே குணத்தின் வேலை. நைலான் ஈரத்தை உறிஞ்சி அளவு மாறும், விறைப்பும் குறையும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும். ஆனால் இழுவிசையில் இருக்கும்போது ஒவ்வாத கரைப்பான் பட்டால் விரிசல் விட்டுவிடும். டேட்டா ஷீட்டில் முதல் வரியை மட்டும் படிப்பவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

பாலிமர் சார்ந்த விருப்பப் பாடம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, மோல்டு செய்யும் பட்டறையில் சில நாள் நின்று பாருங்கள். டிராஃப்ட் (பாகம் மோல்டிலிருந்து எளிதாக வெளிவரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) ஏன் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 1 பாகையாவது வேண்டும், முகத்தில் டெக்ஸ்சர் வந்தால் ஏன் இன்னும் கூட்ட வேண்டும் என்பது, பாகம் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும்போது ஒரே நிமிடத்தில் புரியும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு 3டி பிரிண்ட் எடுத்துவிட்டு "டிசைன் முடிந்தது" என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். பிரிண்டருக்கு டிராஃப்ட் தேவையில்லை. கேட் (பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) எங்கே, இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் வெல்டு லைன் எங்கே விழும் என்று அது கேட்பதுமில்லை. இன்டர்வியூவில் நான் கேட்பேன்.

அதற்கு முன்னால் பழைய ரிமோட் ஒன்றைக் கழற்றுங்கள். கேட் தழும்பு, பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் பதித்த வட்டங்கள், ரிப் உயரம் எல்லாவற்றையும் அளந்து, மோல்டு எந்தத் திசையில் திறந்திருக்கும் என்று வரைந்து எடுத்து வாருங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.