நெல் காயும் வீதியில் சைக்கிளுக்கு இடம் எங்கே?

மாசி, பங்குனியில் கிளிநொச்சிப் பக்கம் வந்தால் சைக்கிள்காரர் பலர் வீதியின் நடுப்பக்கமாக ஓடுவதைக் காணலாம். திமிரில் ஓடவில்லை. காலபோக அறுவடை முடிந்து, காப்பெற் போட்ட தார் வீதியின் ஓரம் முழுக்க நெல் காய்கிறது. ஈரம் குறையாத நெல்லுக்கு வாங்குபவர் விலையை அடித்துக் கேட்பார். முற்றத்து மண்ணில் பரப்பினால் கல்லும் மண்ணும் சேரும். வெயிலில் கொதிக்கும் காப்பெற்றைப் போல ஒரு தளம் ஊரில் வேறெங்கும் இல்லை. ஓரத்தை நெல் எடுத்துக்கொள்ள, சைக்கிள் நடுவுக்கு வர, பின்னால் டிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்.

நான் வீதி வடிவமைப்பு வேலை பார்ப்பவன். வன்னியில் தூய போக்குவரத்துக்கு என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் நல்ல நெல் காயவிடும் தளம் ஒன்று கட்டிக் கொடுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். மின்சார பஸ், பறக்கும் ரயில் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்.

உலகத்துப் பெருநகரங்கள் காரிலிருந்து ஆட்களை இறக்கப் படாத பாடு படுகின்றன. எங்கள் நிலைமை அப்படியில்லை. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் நடந்தும் போகிறவர்கள் இன்னும் ஏராளம். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று மோட்டார் சைக்கிளுக்குப் போகிறார்கள். எனவே எங்கள் நகரங்களுக்கு முன்னால் உள்ள வேலை, சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகிறவரை விரட்டாமல் வைத்திருப்பது. அதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. சின்னச் சின்ன வேலைகளை ஒழுங்காகச் செய்யப் பொறுமை வேண்டும்.

ஏன் கழன்று போகிறார்கள் என்பதற்குப் பரந்தன் பக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு நாளில் பஸ்ஸுக்கு நின்ற மாணவி சொன்னதே போதும்.

"சைக்கிள் இருக்குத்தானே பிள்ளை, ஏன் பஸ்ஸுக்கு நிக்கிறீர்?"

"இருக்கு சேர். அம்மா விடமாட்டா. டிப்பர் ஓடுற நேரம் எண்டு சொல்லுவா."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"வந்தா வரும் சேர்."

சைக்கிளில் போகப் பயம், பஸ்ஸில் போக நம்பிக்கை இல்லை. அப்புறம் அந்த வீட்டில் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதில் என்ன ஆச்சரியம்? அப்படி வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எத்தனையோ பேருக்கு, பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போக ஸ்கூட்டர்தான் வழி செய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் வன்னி முழுக்கச் சைக்கிளில் ஓடியது, அதுதான் இயற்கையோடு ஒட்டிய வாழ்க்கை என்று சிலர் உருகுவதுண்டு. அது விரும்பி ஓடிய ஓட்டம் இல்லை. சில துளி பெற்றோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்கள் அதைப் பசுமை என்று சொல்ல மாட்டார்கள். வசதி வந்த பிறகும் ஒருவர் சைக்கிளையோ பஸ்ஸையோ விரும்பி எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. சந்தி ஒன்றைத் திருத்துவதற்கு முன் வாகனங்களை எண்ணுவோம். எண்ணியதைக் கார் அளவுக்கு மாற்றுவோம். கார் 1 என்றால் பஸ் சுமார் 2 அல்லது 3, மோட்டார் சைக்கிள் கிட்டத்தட்ட அரை, சைக்கிள் அதற்கும் கீழே. அந்தக் கூட்டுத்தொகையில் நடந்து போகிறவருக்கு இடமே இல்லை. அறுபது பேரை அடைத்துக்கொண்டு வரும் பஸ்ஸும், ஆளுக்கொருவராக வரும் மூன்று கார்களும் கணக்கில் ஒன்று. பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு இருநூறு பிள்ளைகள் வீதியைக் கடந்தாலும் தாளில் ஒன்றும் ஏறாது. அந்தத் தாளை வைத்துத்தான் எத்தனை மீற்றர் அகலம், எங்கே சமிக்ஞை விளக்கு என்று முடிவாகிறது. வாகனத்தை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள் என்று எந்தச் சபைக் கூட்டத்திலும் கேட்கலாம். கேட்க வேண்டும். எண்ணிக்கை மாறினால் வரைபடமும் மாறும்.

கிளிநொச்சி நகரமே ஏ9 வீதியில் கோர்த்தது போல நீண்டு கிடக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்ஸுக்கு அது நெடுஞ்சாலை. மரக்கறி வாங்கப் போகிறவருக்கு அது கடைத்தெரு. ஒரே வீதி இரண்டு வேலையும் செய்யும்போது வேகமாக வருபவன்தான் வெல்வான். நடந்து போகிறவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை உள்ள துண்டுகளில் மட்டுமாவது இதைச் செய்யலாம். பலகை நட்டால் போதாது. கடவையை வீதி மட்டத்திலிருந்து மேடாக்கிக் கட்டினால் சாரதி தானாகப் பிரேக்கில் கால் வைப்பார். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் டிப்பர்களை நிறுத்துவது பற்றி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியாயிற்று. பேசியது பொலிஸ் நிலையத்து அன்றாட வேலைப் பட்டியலில் ஏறினால்தான் அந்த அம்மா பிள்ளையைச் சைக்கிளில் விடுவா.

ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் பேசாத விஷயம் அது. காப்பெற்றுக்கு மேல் காப்பெற் போடும்போது வீதி உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்துக் கிரவல் ஓரம் அப்படியே கிடக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் கிரவலும் கரைந்து, விளிம்பில் ஒரு சாண் பள்ளம் விழுந்துவிடும். பின்னால் ஹோர்ன் கேட்டுச் சைக்கிள் ஓரம் ஒதுங்கும்போது முன்சில்லு அந்த விளிம்பில் இறங்கினால் ஆள் வீதிப் பக்கமாகத்தான் விழுவார். புதிதாக வீதி போடுகிறபோது ஓரத்தையும் அதே மட்டத்துக்கு உயர்த்தி, ஒன்றரை மீற்றராவது தார் போட்டு, வெள்ளைக்கோடு அடித்தால் சைக்கிளுக்கு வழி ஆயிற்று. மொத்தச் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. ஆனால் மதிப்பீட்டில் வெட்டு விழும்போது முதலில் போவது ஓரந்தான்.

அடுத்தது நிழல். "இந்த வெயிலுக்குள்ளே ஆர் சைக்கிள் ஓடுறது?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். ஸ்பெயினில் செவில் என்றொரு நகரம் உண்டு. கோடையில் 40 பாகையைத் தொடும் ஊர். அங்கே முன்பு சைக்கிள் ஓடியவர்கள் மிகக் குறைவு. 2006 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று இணைந்த, தடுப்பு வைத்த சைக்கிள் பாதையாக நூறு கிலோமீற்றருக்கு மேல் போட்டார்கள். சைக்கிள் ஓட்டம் பல மடங்கானது. வெயில் குறையவில்லை, பயம் குறைந்தது.

வெயிலும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதைவிட வைகாசிக்குப் பிறகு அடிக்கும் சோளகக் காற்று மோசம். வெட்டவெளி வயல் வீதியில் எதிர்க்காற்றுக்கு மிதித்தவருக்குத் தெரியும், ஐந்து கிலோமீற்றர் பத்தாகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, மரம். ஒற்றை வரிசையில் நட்டு, மின்கம்பிக்குக் கீழே வந்ததும் தறிப்பது மரம் நடுகை இல்லை. கம்பி போகாத பக்கம் பார்த்து, வேம்பும் மருதும் புங்கையும், காற்று வரும் திசையில் கொஞ்சம் நெருக்கமாக. நட்டவர்கள் படம் எடுத்துவிட்டுப் போன பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வன்னிக்கு இயற்கையாகவே அமைந்த சைக்கிள் பாதைகளும் உண்டு. இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களையும் அவற்றின் கிளைகளையும் பாருங்கள். குடியேற்றத் திட்டங்களை ஊடறுத்துப் போகும் வாய்க்கால் வீதிகளில் பலவற்றில் நிழலும் உண்டு, கனரக வாகனமும் குறைவு. ஊர்ச் சனம் ஏற்கெனவே அதில்தான் குறுக்கே வருகிறது. அதைச் சமன் செய்து, வாய்க்கால் வேலைக்கு வரும் இயந்திரத்துக்காகக் கழற்றக்கூடிய கட்டைகளை இரண்டு முனையிலும் நட்டால், சைக்கிள் போகும், மணல் டிப்பர் போகாது. நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு பேசித்தான் செய்ய வேண்டும். இரவில் பாம்பும் இருட்டும் உண்டு, எனவே பகல் பாதை என்றே வைத்துக்கொள்வோம். பாடசாலைக்கு அது போதும்.

2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது கச்சேரிக்கே (மாவட்டச் செயலகம்) சைக்கிளில் போன உத்தியோகத்தர்கள் உண்டு. சைக்கிள் விலை எகிறியது, ரயருக்கும் தட்டுப்பாடு. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்ததும் சைக்கிள் பழையபடி மாமரத்தில் சாய்ந்தது. நெதர்லாந்தும் ஒரு காலத்தில் கார் பின்னால் ஓடிய நாடுதான். 1971இல் அங்கே வீதி விபத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேல் சிறுவர்கள். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். நெருக்கடி போன பிறகும் பாதை கட்டுவது நிற்கவில்லை. எங்களுக்கு நெருக்கடி வந்தது, வரிசையில் நின்றோம், போனோம்.

பஸ் விஷயத்தில் குறை பஸ்ஸில் இல்லை, நேரத்தில். வவுனியாவில் 2017இல் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு, இ.போ.ச.வும் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) தனியாரும் எங்கிருந்து, எந்த ஒழுங்கில் புறப்படுவது என்று நடந்த இழுபறி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டடம் கட்டுவது சுலபம். ஒரே நேர அட்டவணையில் இரண்டு தரப்பையும் உட்கார வைப்பது கஷ்டம். அட்டவணை இல்லாத வழித்தடத்தில் முன்னால் போகும் பஸ் ஆள் ஏற்ற நின்றுகொண்டே போகும், பின்னால் வருவது அதை முந்தப் பறக்கும், பிறகு ஒரு மணி நேரம் வீதி வெறிச்சோடிக் கிடக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகளின் பஸ்களைப் பாருங்கள். விடியப்புறம் குறித்த நிமிடத்தில் ஒழுங்கை முகப்புக்கு வரும், வேலைக்குப் போகும் பிள்ளைகள் அந்த நிமிடத்துக்கு வந்து நிற்பார்கள். நேரம் பிசகாவிட்டால் எங்கள் சனம் பஸ்ஸில் ஏறும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கிளிநொச்சிக்கு 2013இல் ரயில் திரும்பி வந்தது. ரயில் வரும் நேரத்துக்கு உள்ளூர் பஸ் ஒன்று நிலையத்து வாசலில் நின்றால் எத்தனை ஓட்டோச் சவாரி மிச்சமாகும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில், நகரிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில் இருக்கிறது. விரிவுரை நேரத்தோடு ஒட்டி ஓடும் பஸ் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தையே காலியாக்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2005இல் தொடங்கிய 'சிசு செரிய' பஸ் சேவை இருக்கிறது, கட்டணம் குறைவு, வித்தியாசத்தை அரசு கொடுக்கிறது. உங்கள் ஊர் வழியில் அது ஓடவில்லை என்றால் அதிபரும் பெற்றோரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

சைக்கிள் பார்க் கதை இன்னொன்று. சந்தையடியிலும் வைத்தியசாலையடியிலும் துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையத்தைச் சபைகள் வருடா வருடம் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகைப் பணம் கூடினால் சபைக்கு வருமானம், எடுத்தவர் அதைச் சைக்கிள்காரரிடம்தான் அறவிடுவார். அதே நேரம் கடை வாசலில், நடைபாதையை மறித்து நிற்கும் வாகனத்துக்கு ஒரு சதமும் இல்லை. இதைத் தலைகீழாக மாற்றினால் போதும். சைக்கிளுக்கு இலவசமாகக் கூரையும் காவலும், நகர நடுவில் வாகனம் நிறுத்துபவருக்குக் கட்டணம். சபைக்கு வருமானமும் குறையாது.

வாகனப் புகைப் பரிசோதனை 2008 முதல் இருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்ஜினைச் சரிக்கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கும்வரை அது பாதி மருந்துதான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். சந்திக்கடைக்குப் போகும் ஒன்று இரண்டு கிலோமீற்றர் சவாரியில் என்ஜின் சூடேறு முன்பே பயணம் முடிந்துவிடும். நச்சுப் புகை அதிகம் வருவது அந்தக் குளிர்ந்த நிமிடங்களில்தான். மின்சார ஸ்கூட்டர், மின்சார ஓட்டோ நல்லவை, மன்னாரில் 2020இலிருந்து காற்றாலை மின்சாரமும் வருகிறது. ஆனால் மின்சார வாகனமும் அதே வீதியில் அதே இடத்தைத்தான் பிடிக்கும். பஸ் இல்லாத ஊருக்குப் பஸ் கொண்டுவராது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வருட இறுதியில் பாதீடு தயாராகும், வரைவு மக்கள் பார்வைக்கும் வரும். போய்ப் பாருங்கள். வீதி என்ற தலைப்பின் கீழ் ஓரத்துக்கும் நிழலுக்கும் தனி வரி இருக்கிறதா, சைக்கிள் பார்க் வருமானப் பக்கத்தில் நிற்கிறதா செலவுப் பக்கத்தில் நிற்கிறதா என்று தேடுங்கள். நெல் காயவிடும் தளம் விவசாயத்துக்குரிய விஷயம், வேறு திணைக்களம் என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். கமக்காரர் அமைப்பின் கடிதத்தோடு, அந்த வீதியால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கையொப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.