தகரக் கூரை நிழலும் மர நிழலும்

நெரிசல் மிகுந்த நகரத்தின் நடுவே, கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கும் தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு நண்பகலில் சென்றுவந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாயிலை ஒட்டித் தகரக் கூரை வேய்ந்த இடத்தில் நின்றபோது வியர்த்துக் கொட்டியதாகவும், அங்கிருந்து இருபது அடி தள்ளியிருந்த பெரிய மரத்தடிக்குப் போனதுமே உடம்பு தணிந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டு, "வெயில் இரண்டு இடத்திலும் படவில்லை, இரண்டும் நிழல்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? இரவிலும் இது இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியின் எளிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் வெயிலை விழுங்கிச் சூடேறும். கோடை நண்பகலில் தாரின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. தகரமும் அப்படியே. வெயிலைத் தடுத்துவிட்டு, தான் வாங்கிய சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக நம் தலைமேல் இறக்குகிறது. பூங்காக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் பகலில் காற்றின் வெப்பநிலையை அளந்தால் வேறுபாடு சராசரியாகச் சுமார் 1 டிகிரிதான் வருகிறது. ஆனால் நம் உடல் காற்றிடமிருந்து மட்டும் வெப்பத்தைப் பெறுவதில்லை. சுற்றியுள்ள ஒவ்வொரு பரப்பிலிருந்தும் பெறுகிறது. தலைக்கு மேலே இருப்பது கொதிக்கும் தகரமா, காற்றைவிட அதிகம் சூடேறாத இலைகளா என்பதே வாசகர் உணர்ந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே வெயிலில் நாள் முழுதும் காயும் இலை ஏன் தகரத்தைப்போலச் சுடுவதில்லை?

வெயிலில் கிடக்கும் இரும்பு இருக்கையின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். விரல் தானாகப் பின்வாங்கும். அதன்மேல் சாய்ந்திருக்கும் கிளையின் இலையை இரு விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள், மிஞ்சிப்போனால் வெதுவெதுப்பு. இலை மெல்லியது, காற்று அதை இருபுறமும் தழுவிச் செல்கிறது என்பது ஒரு காரணம். மற்றொன்று நீர். என் வீட்டு மரத்தில் இலைகள் நிறைந்த சிறு கிளையொன்றைப் பாலித்தீன் பையால் மூடி, வாயை நூலால் இறுகக் கட்டி வெயிலில் விட்டேன். சிறிது நேரத்திலேயே பையின் உட்புறம் பனிபடர்ந்ததுபோல் மங்கி, பிறகு துளிகள் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து மூலையில் தேங்கின. பள்ளிப் பாடத்தில் நீராவிப்போக்கு என்று படித்தது கண்ணெதிரே ஒழுகியது.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். வேருக்குத் தட்டில்லாமல் நீர் கிடைக்கும் பெரிய மரம் ஒன்று, நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் வரை வெளியேற்றுவது அரிதன்று. அதற்குச் செலவாகும் வெப்பம், ஒரு டன் குளிரூட்டி ஏறத்தாழ 19 மணி நேரம் ஓடி அகற்றும் வெப்பத்துக்குச் சமம். திறந்த வெளியில் காற்று கலைந்துகொண்டே இருப்பதால் அறைக்குள் இருப்பதைப்போன்ற குளிர் தெரிவதில்லை, அவ்வளவுதான். குளிரூட்டி வெளியே தள்ளும் அனல் மரத்தில் இல்லை; அந்த வெப்பம் நீராவியோடு மேலே போய்விடுகிறது.

ஆவி வெளியேறும் வழி, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருக்கும் இலைத்துளைகள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் இவற்றை, துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் திறந்து மூடுகின்றன. ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டையாக்சைடு உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே மரம் இவற்றைத் திறக்கிறது. நீர் வெளியேறுவது அதற்கு அது கொடுக்கும் விலை. இதுவரை எல்லாம் பள்ளியில் படித்ததே. என்னைப் பல ஆண்டுகளாக விட்டு அகலாத வியப்பு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது: இந்த நூறு லிட்டரை அத்தனை உயரத்துக்கு ஏற்றுவது யார்?

மரத்துக்கு இதயம் இல்லை. காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கி நீரை ஏற்றலாம் என்றால், வளிமண்டல அழுத்தம் தாங்கிப்பிடிப்பது சுமார் 10 மீட்டர் நீரைத்தான். உறிஞ்சு பம்புகளுக்கு இந்த எல்லை ஏன் என்பதை இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். கலிபோர்னியாவில் உள்ள ரெட்வுட் மரம் ஒன்றோ 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறும் நுண்புழை ஏற்றம் என்றால், தண்டில் நீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாயில், விட்டம் 50 மைக்ரோமீட்டர் என்றால், அது ஏறுவது சுமார் 60 சென்டிமீட்டர். வேர் கீழிருந்து நீரைத் தள்ளும் வேர் அழுத்தமும் போதாது. நீர் மிகுதியாகத் தேவைப்படும் நண்பகலில் பல மரங்களில் அது இருப்பதே இல்லை.

விடையை 1894இல் டப்ளினைச் சேர்ந்த அறிவியலாளர்கள் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்தார்கள். நீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை, மேலிருந்து இழுக்கப்படுகிறது. கிணற்றிலிருந்து வாளியை இழுப்பவர் மேலேதான் நிற்கிறார், கயிறு அறாமல் இருந்தால் போதும். மரத்தில் அந்தக் கயிறே நீர்தான். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. குழாயின் சுவரையும் பற்றிக்கொள்கின்றன. இலையின் உள்ளே, செல்சுவர்களின் சில நானோமீட்டர் அகலமே உள்ள இடுக்குகளில் நீரின் மேற்பரப்பு குழிந்து நிற்கிறது. அங்கிருந்து ஒரு மூலக்கூறு ஆவியானால் அந்தக் குழிவு இன்னும் கூர்மையாகி, பின்னால் இருப்பதை இழுக்கிறது. அது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது. அப்படியே நரம்பு, காம்பு, கிளை, அடிமரம், வேர் என்று மண்ணில் உள்ள ஈரம் வரை அந்த இழுப்பு போய்ச் சேர்கிறது. அகன்ற குழாயில் 60 சென்டிமீட்டரே தந்த நுண்புழை விசை, இந்த நானோ இடுக்குகளில் 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்ட இழுப்பைத் தாங்க வல்லது. நுண்புழை என்ற எண்ணம் தவறில்லை, அதைத் தண்டில் தேடியதுதான் தவறு. அது இலையில் இருக்கிறது.

என்னைத் திகைக்கவைக்கும் கணக்கு ஒன்று உண்டு. 100 லிட்டர் நீரை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, வழியில் ஏற்படும் உராய்வை விட்டுவிட்டால், சுமார் 20 கிலோஜூல் போதும். அதே ஆற்றல் வெறும் 8 மில்லிலிட்டர் நீரைத்தான் ஆவியாக்கும். இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான நீர் ஆவியாகும் ஆற்றலில் ஒரு நாளின் நீரேற்றமே அடங்கிவிடுகிறது! நம்மைக் குளிர்விக்கும் ஆவியாதலும் நீரை ஏற்றும் ஆவியாதலும் வேறுவேறு அல்ல.

இழுக்கப்படும் நீர் விசித்திரமான நிலையில் இருக்கிறது. அதன் அழுத்தம் சுழிக்கும் கீழே, எதிர்மறையில் இருப்பதால், முறைப்படி அது எப்போதோ கொதித்து ஆவியாகி அறுந்திருக்க வேண்டும். குமிழ் தோன்ற இடம்தராத, நீர் நன்றாக ஒட்டும் குறுகிய குழாய்களுக்குள் இருப்பதாலேயே அறாமல் நிற்கிறது. அந்த இழுப்பில் குழாயே உட்புறமாக நசுங்கிவிடாதபடி லிக்னின் என்ற உறுதியான பொருள் சுவரைக் கெட்டிப்படுத்துகிறது. நாம் மரக்கட்டை என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கெட்டியான குழாய்ச் சுவர்களைத்தான்.

நீர் மேலிருந்து இழுக்கப்படுகிறது என்ற இந்த விளக்கத்தை எளிதில் ஏற்காதவர்களில் நம் ஜகதீஷ் சந்திர போஸும் ஒருவர். உயிருள்ள செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்று 1920களில் அவர் உறுதியாக வாதிட்டார். ஆனால் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் அதற்கு முன்பே, 1890களில், வெட்டிய மரங்களின் அடியை உயிரணுக்களைக் கொல்லும் நஞ்சுக் கரைசலில் நிறுத்தி, செல்கள் இறந்த பிறகும் நீர் உச்சிவரை ஏறுவதைக் காட்டியிருந்தார். 1965இல் ஷோலண்டர் என்ற உடலியலாளரின் குழுவினர் இழுப்பை அளந்தே விட்டார்கள். கிளையை வெட்டியதும் இழுபட்டிருந்த நீர் வெட்டுவாயிலிருந்து உள்ளே சுருண்டுபோகும். கிளையை எஃகுக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாயை மட்டும் வெளியே நீட்டி, நீர் மறுபடி வெட்டுவாய்க்கு வரும்வரை காற்றழுத்தத்தை ஏற்றினால், அந்த அழுத்தமே இழுப்பின் அளவு. எட்டாத உயரத்துக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். அலையாத்தி மரங்களில் இழுப்பு 30 வளிமண்டலத்தையும் தாண்டியது. கார் டயருக்குள் நாம் அடைப்பது 2 வளிமண்டலத்தைச் சற்றே கடக்கும். 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் ஆமணக்கு இலைக்காம்பில் உணர்கருவியைப் பொருத்தி, வாடும்போது உள்ளே நீரிழைகள் அறுபடும் 'டிக்' ஒலிகளையே கேட்டார்கள். அறுந்த குழாயின் குமிழ் பக்கத்துக் குழாய்க்குப் பரவாதபடி இடையில் உள்ள மெல்லிய சவ்வுகள் தடுத்துவிடுகின்றன.

மரம் நல்ல அதிர்வுகளை வெளியிடுகிறது, கட்டிப்பிடித்தால் அதன் சக்தி நமக்குள் இறங்கும் என்று சொல்லிக் கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பட்டைக்கு உள்ளே உண்மையிலேயே நடப்பது அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அதைச் சொல்லித்தரக் கட்டணமில்லாத பூங்காவும், பெயர்ப்பலகை மாட்டிய மரங்களும், விளக்கத் தெரிந்த ஒரு பணியாளரும் போதும். தண்டுக்குள் ஊசியளவு உணரிகளைச் செருகி நகர மரங்களின் நீரோட்டத்தை ஆண்டுக்கணக்கில் அளக்க முடியும். எந்த மரம் எந்தத் தெருவைத் தணிக்கும், எது வறட்சியில் முதலில் துளைகளை மூடிக்கொள்ளும் என்பதை அறிய இந்தத் தொடர் அளவீடு கட்டாயம் வேண்டும். நூறாண்டு வாழும் மரத்தை ஆராய மூன்றாண்டு நிதி ஒதுக்குவது போதாது என்பது என் உறுதியான கருத்து.

இரவைப் பற்றியும் வாசகர் கேட்டிருந்தார். இருட்டியதும் பெரும்பாலான மரங்களின் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் ஆவியாதல் மிகவும் குறைந்துவிடும். அப்போதும் பூங்கா சாலையைவிடத் தணிவாக இருந்தால், அது பகலிலேயே குறைவான சூட்டைச் சேர்த்துவைத்ததன் பலன். மரத்துக்குள்ளோ வேலை நிற்பதில்லை. பகலெல்லாம் இழுபட்டதில் அடிமரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். அதை அளக்கும் கருவிகள் உண்டு. மேலிருந்து இழுப்பு தளர்ந்த பிறகும் வேர்கள் மண்ணிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்க, வற்றிய திசுக்கள் ஒவ்வொன்றாக நிரம்பி, பூங்காவின் கதவு திறக்கும் விடியற்காலையில் அடிமரம் முந்தைய நாள் பருமனுக்குத் திரும்பியிருக்கும்.