பூனைக்கு இனம், ஓக்குக்கு வகையா?

காட்டுப்பூனை என்றால் ‘இனம்’, ஓக் மரம் என்றால் ‘வகை’. அறிவியல் மொழிபெயர்ப்புகளில் இந்தப் பாகுபாட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்பீசிஸ்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். நம் பாடநூலில் அதற்குச் ‘சிற்றினம்’ என்று பெயர்.

‘பார்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. முதலில் தோற்றம், பிறகு வகை என்று பொருள் விரிந்தது. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற்பெயர் சூட்டிய பின், உயிரியலில் அதன் இடம் உறுதியாயிற்று. ஓக் மரமொன்றின் பெயரான குவெர்க்கஸ் ரோபர் என்பதில் குவெர்க்கஸ் பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி. இரு சொல்லும் சேர்ந்தால் சிற்றினம். ஐரோப்பியக் காட்டுப்பூனையான ஃபெலிஸ் சில்வெஸ்ட்ரிஸுக்கும் அதே கணக்குதான்.

இலத்தீனிலேயே ‘வகை’ என்ற பொருள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் தாவரவியலில் ‘வகை’ என்பது சிற்றினத்துக்கும் கீழே உள்ள ஒரு படி. ஓக்கை வகை என்று எழுதினால் அதை ஒரு படி இறக்கிவிடுகிறோம். செடிகொடி என்றாலே வகை, ரகம் என்று எழுதிப் பழகிய கை செய்யும் வேலை இது. அகராதியைப் புரட்டக்கூட நேரமில்லை போலும்.

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: ஓக் மரங்கள் தங்களுக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்வதால் அவற்றுக்கிடையே எல்லை தெளிவில்லையாம். குவெர்க்கஸ் ரோபரும் குவெர்க்கஸ் பெட்ரேயாவும் கலப்பது உண்மையே. அப்படியானால் பூனை மட்டும் என்ன செய்கிறது? ஸ்காட்லாந்தில் காட்டுப்பூனை வீட்டுப்பூனையோடு கலந்து கலந்து, தூய காட்டுப்பூனையைக் காண்பதே அரிதாகிவிட்டது. எல்லை குழம்புவதுதான் காரணமென்றால் இரண்டையுமே ‘வகை’ ஆக்க வேண்டும்.

வெறும் ‘இனம்’ மட்டும் போதாதா? இலங்கைப் பாடநூல்களில் போதும். அங்கே பேரினத்துக்குச் ‘சாதி’ என்ற தனிச்சொல் இருப்பதால் குழப்பமில்லை. இங்கே எழுதுபவர்களோ ‘பூனை இனம்’ என்று ஏறத்தாழ 40 சிற்றினங்கள் கொண்ட ஒரு குடும்பத்தையே சுட்டுகிறார்கள். ‘ஓக் இனம்’ என்று நூற்றுக்கணக்கான சிற்றினங்களுள்ள ஒரு பேரினத்தைச் சுட்டுகிறார்கள். அடுத்த வரியில் ‘அழிந்துவரும் இனம்’ என்று ஒற்றைச் சிற்றினத்தைச் சுட்டுகிறார்கள். ‘சிற்றினம்’ என்றால் சிறிய விலங்கு என்று வாசகர் நினைத்துவிடுவார் என்ற அச்சம் வேறு! பள்ளியில் படித்த வாசகருக்கு அது தெரியும். மொழிபெயர்ப்பாளர்தான் பாடநூலை மறந்துவிட்டார்.